துணிக்கடைப் பையோடு மியூசியம் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லீவு விட்டால் ‘ஒரே நாளில் சென்னை’ என்று பட்டியல் போடுவது எல்லாப் பத்திரிகைகளுக்கும் பழக்கம். உங்கள் இணைப்பிதழிலும் வந்தது. இடங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, படங்களும் அழகு. ஆனால் எந்தக் கிழமை எது பூட்டியிருக்கும், எதை முதலில் வைத்தால் எது கைநழுவும், வாங்கிய மூட்டையை எங்கே வைப்பது என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இல்லை. தாத்தா பாட்டி, இரண்டு பிள்ளைகள் சகிதம் விழுப்புரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ விடிகாலையில் வந்து இறங்கி, அன்று இரவே திரும்புகிற குடும்பத்துக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். தி.நகர் ரங்கநாதன் தெரு முனையில் பையும் பிள்ளையுமாகத் திகைத்து நிற்கிறவர்கள் மாம்பலவாசிகளுக்கு அன்றாடக் காட்சி.

முதலில் கிழமை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். கிண்டி பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா இரண்டுக்கும் செவ்வாய். மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். பாரிமுனை, சவுகார்பேட்டை மொத்தக் கடைகளிலும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலும் ஞாயிற்றுக்கிழமை போனால் இழுத்துவிட்ட ஷட்டரைத்தான் பார்க்கலாம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறக்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது புதனும் வியாழனும். சனிக்கிழமை எல்லாம் திறந்திருக்கும், ஆனால் தி.நகரில் கால் வைக்க இடமிருக்காது. ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சார ரயில் அன்று ஞாயிறு அட்டவணைப்படி ஓடும், வண்டிகள் குறைவு. தண்டவாளப் பராமரிப்பு என்று சில மணி நேரம் நிறுத்தவும் செய்வார்கள். முதல் நாள் செய்தித்தாளில் ஒரு மூலையில் அந்த அறிவிப்பு வரும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்ப்பதில்லை.

அடுத்து வரிசை. இதில் ஒரே விதிதான்: மூட்டை எந்த வழியாக வீட்டுக்குப் போகிறதோ, அந்த வழியில்தான் அன்றைய பொழுதும் போக வேண்டும். ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறுகிறவருக்கு ஒரு வரிசை, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறவருக்கு அதற்கு நேர் எதிர் வரிசை.

ரயிலில் திரும்புகிறவர்கள் காலையிலேயே தி.நகரை முடித்துவிட வேண்டும். அங்கிருந்து எழும்பூர் போய்ப் பையைப் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு, வெயில் கொளுத்துகிற நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் இருந்துவிட்டு, சாயங்காலம் கடற்கரை. இதில் சறுக்குகிற இடம் வைப்பறை. பூட்டில்லாத சுமையை வைப்பறையில் ஏற்கக் கூடாது என்பது ரயில்வே விதி. துணிக்கடையில் கொடுத்த கைப்பிடிப் பைகளை அப்படியே நீட்டினால் திருப்பித்தான் தருவார்கள். பயணச் சீட்டும் காட்ட வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே, மடித்தால் கையடக்கமாகிற ஜிப் வைத்த பெரிய பை ஒன்று, அதற்குச் சின்னப் பூட்டு ஒன்று. ஐம்பது ரூபாய்ப் பூட்டு அன்றைக்கு முழுக்க நாலு பேருடைய கையை மிச்சப்படுத்தும். வைப்பறை ரசீதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் நுழைவாயில் இடம் மாறிக்கொண்டே இருக்கும், எந்த வாசலில் வைத்தோம் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. தெற்கே போகும் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. டிக்கெட்டில் எழும்பூரா, தாம்பரமா என்று பார்க்காமல் எழும்பூரில் பையை வைத்தால், ஓட்டம் ஓட்டமாக முடியும்.

பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கு அந்த ரயில் டிக்கெட் இல்லை, வைப்பறையும் இல்லை. அவர்கள் தி.நகரைக் கடைசியில் வைக்க வேண்டும். இரவு பஸ் ஏறி விடிவதற்கு முன்பே வந்து சேர்ந்தால் நேரே மெரினா. நம் கடற்கரை கிழக்கு பார்த்தது, சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். ஜூன் மாதம் ஐந்தே முக்காலுக்கு, ஜனவரியில் ஆறரைக்கு. அந்த நேரத்தில் மணல் சுடாது, பஜ்ஜிக் கடை இருக்காது, பிள்ளைகள் கண்ணில் இருப்பார்கள். ‘மெரினா என்றால் சாயங்காலம்’ என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை. எட்டு மணிக்கு மயிலாப்பூர் கோயில், மாட வீதியில் டிபன், பத்தரை மணிக்கு எழும்பூர் அருங்காட்சியகம், பிறகு இரண்டு மணிவாக்கில் தி.நகர். வேலை நாளில் இரண்டிலிருந்து நாலு வரை கடைகளில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஐந்து மணிக்கு முன்னால் மாம்பலத்தில் தாம்பரம் ரயிலைப் பிடித்துவிட வேண்டும். ஐந்தைத் தாண்டினால் கடற்கரை நிலையத்திலிருந்தே ஆபீஸ் கூட்டம் அடைத்துக்கொண்டு வரும், மாம்பலத்தில் பையோடு ஏற முடியாது. தாம்பரத்தில் இறங்கிக் கிளாம்பாக்கம் பஸ் பிடிக்கலாம்.

இந்தக் கிளாம்பாக்கம் பலருடைய கணக்கைக் குழப்புகிறது. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த புதிய முனையம் அது. தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடும். பழைய நினைப்பில் ‘கோயம்பேட்டில் இறங்கிக்கொள்ளலாம்’ என்று போட்ட திட்டம் அங்கேயே ஒரு மணி நேரம் பிந்திவிடும். மெரினாவிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்கியதும் வண்டலூர் பூங்கா பக்கத்தில் இருக்கிறதே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசை வரும். வேண்டாம். 602 ஹெக்டேர் பரப்பு அது, ஒரு எட்டில் முடிகிற இடமில்லை. அதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள்.

ஊருக்குள் சுற்ற மின்சார ரயிலை விட்டால் கதியில்லை. கடற்கரை – தாம்பரம் தடம்தான் முதுகெலும்பு. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மாம்பலத்திலிருந்து எழும்பூருக்குக் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு தாண்டினால் போதும், கால் மணி நேரம். புதிதாக வருகிறவர்கள் தண்டம் கட்டுவது இரண்டு காரணத்தால். கூட்டமில்லாத பெட்டி என்று நினைத்து முதல் வகுப்பில் ஏறிவிடுவார்கள். சீட்டு கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம், உள்ளே போன பிறகு தெரியாது. வெளியே பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏற வேண்டும். 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கட்டணம், தலைக்குத் தலை. இரண்டாவது, 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. மின்சார ரயில். அதற்குக் கட்டணம் வேறு, சாதாரண டிக்கெட் செல்லாது. கதவு தானாக மூடிக்கொள்ளும் வண்டி வந்தால் அது ஏ.சி. ரயில் என்று அடையாளம். பெண்கள் பெட்டி தனியாக உண்டு. ஆனால் குடும்பத்தைப் பிரித்து ஏறினால் இறங்கும் நிலையத்தின் பெயரை இரு தரப்பும் சொல்லி வைத்துக்கொண்டு ஏறுங்கள். விரைவு மின்சார வண்டி எல்லா நிலையத்திலும் நிற்காது.

மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் காசு கிடையாது. எந்த ஊர்ப் பெண்ணானாலும் அப்படித்தான், அட்டை ஒன்றும் காட்ட வேண்டாம். பல வண்டிகளுக்கு முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். ஆட்டோவுக்கு அரசு 2013-ல் நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்தக் கட்டணத்தில் இன்று யாரும் வரமாட்டார்கள், நியாயமும் இல்லை. போனில் செயலியைத் திறந்து அந்தத் தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசினால் இரு தரப்புக்கும் மரியாதை.

இனி தி.நகர். இங்கேதான் பாதி நாள் போகும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாம்பலத்தில் இறங்கியதும் கூட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகாதீர்கள். அது நேரே ரங்கநாதன் தெருவில் கொண்டுபோய்க் கொட்டும். நிலையத்தின் நடைமேம்பாலத்திலிருந்தே ஆகாய நடைபாதை தொடங்குகிறது. 2023 மே மாதம் திறந்தார்கள். ஏறத்தாழ 570 மீட்டர் நீளம், தெற்கு உஸ்மான் சாலையில் பேருந்து நிலையம் வரை போகும். மின்தூக்கியும் நகரும் படியும் இருக்கின்றன. முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அதுதான் வழி. கீழே நெரிகிற தலைகளை மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம், அதுவே ஒரு காட்சி.

எங்கே என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரங்கநாதன் தெரு எவர்சில்வர், பிளாஸ்டிக், அன்றாடம் உடுத்தும் துணி, பை, கிளிப், வளையலுக்கு. உஸ்மான் சாலை பட்டுக்கும் தங்கத்துக்கும். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தி உட்கார இருக்கைகள் போட்டார்கள். ஜவுளிக்கடையில் இரண்டு மணி நேரம் தாங்காத பிள்ளைகளையும் பெரியவர்களையும் அங்கே ஒருவர் பொறுப்பில் உட்கார வைத்துவிடலாம். பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. வரைபடத்தில் தியாகராய சாலை என்று இருக்கும், சவுந்தரபாண்டியனார் அங்காடி என்பது பெயர், ஆட்டோக்காரரிடம் பாண்டி பஜார் என்றால்தான் வண்டி நகரும்.

பிரிந்து போனால் எங்கே சேருவது என்பதில் நிறையப் பேர் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். ‘கடை வாசலில் நில்லுங்கள்’ என்பார்கள். பெரிய கடைக்கு ரங்கநாதன் தெருவில் ஒரு வாசல், உஸ்மான் சாலையில் ஒரு வாசல் இருக்கும். அதே பெயரில் நாலு கட்டடம் தள்ளி இன்னொரு கடையும் இருக்கும். பனகல் பூங்கா என்று சொன்னாலும் எந்த வாசல் என்று கேள்வி வரும். ஒன்றே ஒன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து, முதலில் எல்லோரும் சேர்ந்து போய் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு பிரியுங்கள். கடையின் உள்ளடுக்குகளில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. அழைத்தால் எடுப்பார்கள் என்று நம்பிப் பிரியக் கூடாது. காலையில் கிளம்பும்போதே அன்றைக்குப் போட்டிருக்கும் உடையோடு பிள்ளைகளை ஒரு படம் எடுத்து வையுங்கள். காணாமல் போனால் போலீஸ்காரர் முதலில் கேட்பது ‘என்ன கலர் சட்டை?’ என்றுதான், அந்தப் பதற்றத்தில் பெற்றவளுக்கே நிறம் மறந்துபோகும். கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய நம்பர் வியர்வையில் அழியும். சட்டைப் பையில் சீட்டு, மணிக்கட்டில் பட்டை இரண்டும் போடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசரத்துக்கு 112.

அடுக்குமாடிக் கடைக்குள் நுழைந்ததும் மாடிப்படி எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை பார்த்து வைப்பதில் நஷ்டமில்லை. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கட்டடம் ஒன்று எரிந்து, பிறகு இடித்தே தள்ள வேண்டியதாயிற்று. விடியற்காலையில் பற்றிக்கொண்டதால் உள்ளே வாடிக்கையாளர் யாரும் இல்லை.

வாங்குகிற முறையும் ஊர்க் கடை மாதிரி இருக்காது. விற்பனையாளர் சீட்டு எழுதுவார், துணி ஒரு பக்கம் போகும், நீங்கள் கேஷில் பணம் கட்டிவிட்டு டெலிவரியில் பில்லைக் காட்டி வாங்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் தனி பில், தனி டெலிவரி. எட்டுச் சீட்டும் ஆறு பில்லுமாகக் கையில் சேரும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும். டெலிவரியில் நின்றபடியே பில்லில் இருக்கும் உருப்படி எண்ணிக்கையும் கையில் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று எண்ணுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் உச்சுக்கொட்டுவார், கொட்டட்டும். பிள்ளைகளுக்கு எடுக்கும்போது வயதைச் சொல்லி எடுக்காமல், சரியாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேலே விரித்து அளந்து எடுங்கள். ஊருக்குப் போய்ப் போட்டுப் பார்த்து ‘பத்தவில்லை’ என்றால் அதற்காகத் திரும்பி வர முடியாது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அடித்திருப்பதைப் பார்த்து அடங்கிப் போக வேண்டாம். கிழிசல், சாயம் போவது போன்ற குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. புகாருக்கு எண் 1915. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அளவு தப்பிவிட்டது என்பதெல்லாம் குறையாகாது. அங்கே கடைக்காரரின் மனசுதான் சட்டம். உங்கள் ஊரில் அதே கடைக்குக் கிளை இருந்தால், அங்கே மாற்றித் தருவீர்களா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ரெடிமேடில் எம்.ஆர்.பி. என்று அச்சிட்டிருக்கும் விலையில் வரியும் அடக்கம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. போட்டால் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஓர் உருப்படியின் வரிக்கு முந்தைய விலை 2,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. வரி சேர்க்காத விலையில் 2,600 ரூபாய்ச் சட்டைக்கும் 2,400 ரூபாய்ச் சட்டைக்கும் நடுவில் 200 ரூபாய்க்கு மேல் ஒளிந்திருக்கிறது.

பட்டுப் புடவைக்காகவே வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குழல்விளக்கு வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் வேறு முகம் காட்டும், ஜன்னல் ஓரமாகக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். புடவையைத் திருப்பிப் போட்டுக் கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவுங்கள். கோர்வைப் புடவையில் இரண்டும் ஊடை நூலை ஓட்டும் தனித்தனி நாடாவில் நெய்து கோத்திருப்பதால் அந்தப் பிணைப்பு விரலுக்குத் தட்டுப்படும். உடலின் நீளவாட்டு நூலான பாவோடு முந்தானைப் பாவைச் சேர்க்கும் பேட்னி வேலை இருந்தால் அங்கே சன்னமான கோடு தெரியும். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும் என்பார்கள். சரிதான், நல்ல ஜரிகை என்பது சிவப்புப் பட்டிழையின் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது. ஆனால் போலிக்காரர்களும் சிவப்பு நூல் வைக்கக் கற்றுக்கொண்டு விட்டார்கள். சில்க் மார்க் பட்டை பட்டுக்குச் சாட்சி, ஜரிகைக்கு இல்லை. பெரிய விலை கொடுப்பதாக இருந்தால் ஜரிகையைக் கருவியில் வைத்து அளந்து காட்டச் சொல்லலாம். புடவை எடுத்த கையோடு ஃபாலும் பீகோவும் கொடுத்துவிடுங்கள், ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிடைத்தாலும் கிடைக்கும். குச்சம் கட்டுவது அன்றைக்கே ஆகாது, ஊரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கம் என்றால் பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட்டுக்கு 916, ஆறு எழுத்து எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. மூன்றும் நகையில் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்து பில்லில் தனியாகக் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியது தங்கமானால் அன்றைக்குக் கடற்கரையை மறந்துவிட்டு நேரே வீட்டுக்குப் போவதுதான் புத்தி. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தை ஆவணமில்லாமல் கொண்டுவந்தால் பறக்கும் படை எடுத்துக்கொண்டு போய்விடும். கல்யாண ஜவுளிக்கு வருகிறவர்கள் வங்கியில் எடுத்த சீட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் கூடவே வைத்திருக்க வேண்டும்.

கைத்தறி மட்டும்தான் வேண்டும் என்றால் தி.நகருக்கே போக வேண்டியதில்லை. எழும்பூர் பாந்தியன் சாலையில், அருங்காட்சியகம் இருக்கிற அதே சாலையில், கோ-ஆப்டெக்ஸின் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை இருக்கிறது. தீபாவளி நேரத்தில் அரசு தள்ளுபடியும் உண்டு. இந்தச் சேர்க்கையை எந்தச் சுற்றுலாப் பட்டியலும் சொல்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். ஒரே சாலையில் புடவை எடுத்துவிட்டு, சோழர் காலச் செப்புத் திருமேனியையும் பார்த்துவிடலாம்.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதையும் பார்க்க முடியாது. 1851-ல் தொடங்கிய இடம், பல கட்டடங்கள். பிள்ளைகளோடு போனால் முதலில் விலங்கியல் பக்கம் திமிங்கல எலும்புக்கூடு. அதைக் காட்டிவிட்டால் அப்புறம் ஒரு மணி நேரம் சொன்னபடி வருவார்கள். அடுத்து செப்புத் திருமேனிக் கூடம். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கேதான். அர்த்தநாரி முன்னால் நின்று, இடப்பாதி எப்படி வேறு உடலாக வளைகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தென்மாவட்டத்துக்காரர்கள் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களைத் தேடிப் பார்க்கலாம், அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களுக்கும் இரண்டு நிமிடம் கொடுக்கலாம். அவ்வளவு போதும். கொசுறு ஒன்று: இங்கே முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் இதே வளாகத்தில் தொடங்கிய மிருகக்காட்சி சாலைதான், பூங்கா நகர் போய், கடைசியில் 1985-ல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. நிலையத்திலிருந்து இங்கே நடக்கிற தூரம்தான், ஆனால் உச்சி வெயிலில் பெரியவர்களோடு ஆட்டோதான் சரி. கிளம்பும் முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். கடற்கரையில் தேடி அலைய வேண்டாம்.

சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கே முடித்துக்கொள்வது உத்தமம். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை எந்த ஹோட்டலிலும், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டும். கையில் காசு கம்மியென்றால் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

எழும்பூரிலிருந்து கடற்கரைக்கு ரயிலிலேயே போகலாம். அடுத்த நிலையமான பூங்காவில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து, வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்க வேண்டும். எழும்பூரிலேயே கடைசி நிலையத்தைச் சொல்லி ஒரே டிக்கெட் வாங்கிவிடலாம். கலங்கரை விளக்கத்தில் ஏற ஆசையிருந்தால் கணக்கு மாறும். காலை 10 முதல் 1, மறுபடி 3 மணிக்கு மேல் கொஞ்ச நேரம்தான். நாலு மணிக்குள் போய் நிற்காவிட்டால் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். அருங்காட்சியகத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தால் இரண்டும் கிடைக்கும். 1977-லிருந்து இயங்கும் விளக்கு இது, லிஃப்ட் இருக்கிறது.

மெரினாவில் அலையில் கால் நனைப்பதோடு சரி, குளிக்கத் தடை இருக்கிறது. தடைக்குக் காரணம், கரையிலிருந்து சில அடியிலேயே தரை சரேலென்று இறங்குகிறது. திரும்பிப் போகிற அலை காலடி மணலை அரித்துக்கொண்டு ஆளையும் சேர்த்து இழுக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிற பிள்ளை அடுத்த அலையில் இடுப்பளவில் நிற்கும். நீச்சல் தெரிந்தவர்களும் தப்பாத இடம். பிள்ளையின் கையை மணிக்கட்டில் பிடியுங்கள், ஈரமான விரல் வழுக்கும். சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணல் பரப்பு பெரிது, முட்டி வலிக்காரர்களை உழைப்பாளர் சிலைப் பக்கம் உட்கார வைத்துவிட்டுப் போகலாம். தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-ல் வைத்த சிலை, நின்று பார்க்கத் தகுந்தது.

நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் ஆறே முக்கால்வரை வெளிச்சம் உண்டு. சூரியன் நமக்கு முதுகுப்பக்கம் விழுவதால் தண்ணீர்ப் பக்கம் சட்டென்று இருட்டும். பிள்ளைகள் தொலைவது அந்தக் கால் மணி நேரத்தில்தான். பௌர்ணமியை ஒட்டி நாள் குறித்தால் மட்டும் இருட்டுக்குப் பிறகும் இருக்கலாம். சுண்டல் பொட்டலம் காலியாவதற்குள் செம்பழுப்பு நிலா கடலிலிருந்து ஏறி வரும்.

ஆசிரியருக்கு வேண்டுகோள் மூன்று. அடுத்த லீவு இணைப்பில் இடங்களின் படத்தை ஒன்றிரண்டு குறைத்துக்கொண்டு, வார விடுமுறை, திறக்கும் நேரம், கடைசி டிக்கெட் நேரம் மூன்றையும் ஒரு கட்டத்தில் போடுங்கள். வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொள்கிற அளவில் இருந்தால் போதும். சனிக்கிழமைப் பதிப்பில் மறுநாள் மின்சார ரயில் நிறுத்த விவரத்தை உள்மூலையிலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆகாய நடைபாதையில் காசு போட்டுத் திறக்கும் பூட்டுப்பெட்டிகள் வைக்கலாமே என்று மாநகராட்சியையும் உங்கள் பத்திரிகை கேட்கலாம். பத்துப் பதினைந்து பெட்டி வைத்தால்கூட, பஸ்ஸில் வருகிற குடும்பங்களும் காலையிலேயே தி.நகரை முடித்துவிட்டுக் கைவீசிக்கொண்டு அர்த்தநாரியைப் பார்க்கப் போகலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33